முப்பிடாதி விழுங்கிய கல்யாணம்

கள்ளிப்பொட்டலுக்குக் குதிரை வரத் தொடங்கிய கோடை நாட்களில், கதை கேட்ட பெண்கள் ஒருத்தி விடாமல் எல்லோர் வாசலிலும் அது வந்து நின்று தண்ணீர் குடித்தது, கதையைப் படித்துக் காட்டிய முப்பிடாதியின் வாசலைத் தவிர. குதிரை கடல் தாண்டி வந்ததா, காகிதத்திலிருந்து இறங்கி வந்ததா என்றெல்லாம் அந்த ஊரில் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. குதிரைமேல் வந்தவன் எந்த வீட்டில் நின்றான், எவ்வளவு நேரம் நின்றான், எவள் கொடுத்த செம்பில் குடித்தான் என்பதுதான் அவர்களுக்குப் பேச்சு. அந்தப் பேச்சில் சேர வழியில்லாமல் முப்பிடாதிக்கு வயிறு எரிந்தது, எரிந்த வயிற்றோடு அவள் செய்த காரியம்தான் இந்தக் கதை.

அந்த ஊரில் ஆண்கள் கல்குவாரிக்கும் கொத்து வேலைக்கும் போய்விட, பெண்கள் பீடி சுற்றினார்கள். தெற்குத் தெருவில் பஞ்சாயத்தார் ஒரு கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கி, கூரை போட்டதோடு கையை விரித்து, கதவும் ஜன்னலும் இல்லாமல் விட்டிருந்தார்கள். அதில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அடுப்பு வேலை முடிந்ததும் பெண்கள் நறுக்கிய இலையும் தூளும் நூலுமாகச் சுளகை எடுத்துக்கொண்டு அங்கே வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், நடுவில் உட்கார்ந்து முப்பிடாதி கதைப் புத்தகம் படிப்பாள். அவள் படிக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றுவார்கள், சுற்றியதில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அவள் சுளகில் போடுவார்கள், சாயங்காலம் பீடிக் கடையில் ஒப்படைக்கும்போது அவள் கட்டும் மற்றவர்கள் கட்டுக்குச் சமமாக நிற்கும். இதை யாரும் கூடிப் பேசி வைக்கவில்லை. வாய் வேலை செய்கிறவளுக்குக் கை வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வது என்று அதுவாகப் பழகிவிட்டது.

கதை என்றால் ரூபன் கதைதான், வேறு கதையை அவர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. நூறு வருஷத்துக்கும் முந்தின அமெரிக்காவில் நடப்பது. டவுன் பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு மாதா மாதம் வருகிற மெல்லிய புத்தகத்தில், மாடு மேய்க்கிற ரூபனும் ரயிலடியில் தந்தி அடிக்கிற கிளாராவும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பார்கள், சேரப் போகிற நேரத்தில் எவனாவது துப்பாக்கியோடு குறுக்கே வருவான், இல்லையென்றால் ஆற்றில் வெள்ளம் வரும், அதுவும் இல்லையென்றால் கிளாராவின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வரும். எழுதினவர் அமெரிக்காவைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார், கேட்டவர்களுக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. புழுதி, கள்ளி, மழை இல்லாத வானம், விலா எலும்பு தெரிகிற மாடு, இதில் எதையும் கள்ளிப்பொட்டல்காரிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு தூரம் குதிரை ஓட்டி வந்தவன் ஒரு வாய் சோறு தின்னாமல் வெறும் பயறைத் தின்றுவிட்டுப் படுக்கிறானே என்பதுதான் லூர்தம்மாளுக்குத் தாங்காது. லூர்தம்மாள் அந்தக் கூட்டத்தில் மூத்தவள், ரூபனுக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள்.

முப்பிடாதிக்கு ஒரு பழக்கம் இருந்தது. புத்தகம் வந்த அன்றே அதைத் தனியாக ஒருமுறை படித்துவிடுவாள், மறுநாள் மண்டபத்தில் படிக்கும்போது அதில் ஆக நல்ல வாக்கியம் ஒன்றை மட்டும் வெளியே விடாமல் விழுங்கிவிடுவாள். குழம்புச் சட்டியில் பெரிய மீன் துண்டைத் தனக்கென்று அடியில் ஒதுக்குகிறவளைப் போலத்தான். ரூபன் பேசியதை ஊரே கேட்கட்டும், அந்த ஒன்றை மட்டும் அவன் தன்னிடம் சொன்னதாக இருக்கட்டும் என்று நினைப்பாள். பாத்திரம் தேய்க்கும்போதும் தண்ணீர் சுமக்கும்போதும் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருப்பாள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை, அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று ஒதுங்கியது வேறு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவள் அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, தங்கபுஷ்பம். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள், அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரே நாளில் வைத்த முருங்கைக் கொம்பில் தங்கபுஷ்பத்தினுடையது காய்த்துத் தொங்கியது, முப்பிடாதியினுடையது இலையாக விட்டுக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வார்த்த தோசை கல்லிலிருந்து தானே எழுந்து வந்தது. ஊரிலேயே வேகமாகப் பீடி சுற்றுகிறவளும் அவள்தான், முப்பிடாதி சுளகில் அதிகமாக அள்ளிப் போடுகிறவளும் அவள்தான், அப்படிப் போடும்போது ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு நாளாவது கணக்குப் பார்த்துப் போட்டிருந்தால் முப்பிடாதிக்கு அவளைக் கொஞ்சம் பிடித்திருக்கும்.

கடைசிப் பாகம் வருகிறது என்று புத்தகக் கடைக்காரர் சொல்லிவிட்டிருந்தார். வந்தது. முப்பிடாதி அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள். ரூபனும் கிளாராவும் பலகையால் கட்டிய சின்னக் கோயில் ஒன்றில் கல்யாணம் முடித்தார்கள். ரூபன் சேணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான், குதிரையைப் புல்லில் அவிழ்த்துவிட்டான், கிளாராவின் வீட்டுப் படியில் நின்று, ‘இனி எனக்கு வேறு வாசல் கிடையாது’ என்றான். விழுங்க வேண்டிய வாக்கியம் அதுதான் என்று முப்பிடாதிக்கு உடனே தெரிந்தது, ஆனால் இந்த முறை அது தொண்டையிலேயே நின்றுகொண்டது, ஏனென்றால் அதை எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அவன் தன்னிடம் சொன்னதாக ஆக்க முடியவில்லை. டொக்கு டொக்கு என்று தந்தி அடிப்பதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும், ஒரு நாள் பீடி சுற்றியிருப்பாளா, ஒரு குடம் தண்ணீர் சுமந்திருப்பாளா என்று கிளாராவின்மேல் அவளுக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போனால் வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. கல்யாணம் எப்படியும் நடந்துவிடும் என்று பெண்கள் தாங்களாகவே முடிவு செய்து கோலம் போட்டிருந்தார்கள். கிளாராவுக்குத் தாயில்லை, அதனால் பெண் வீட்டுக்குப் பெரியவளாக யாராவது உட்கார வேண்டும் என்று பேசி, தங்கபுஷ்பத்தை உட்கார வைத்திருந்தார்கள். அவள் தன் முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மடியில் பூந்தித் தட்டோடு, அழத் தயாராக இருந்தாள். இத்தனை மாதம் தொண்டை வறளப் படித்தவள் நான், பெண் வீட்டுக்குப் பெரியவள் இவளா என்று முப்பிடாதி நினைத்தாள். படிக்கிறவள் படிக்க வேண்டுமே, வேறு எங்கே உட்கார முடியும் என்பதுதான் மற்றவர்கள் நினைப்பு, அதில் வஞ்சகம் எதுவும் இல்லை.

அவள் படித்தாள். ரூபன் கோயில் படியேறுகிற இடம் வரைக்கும் அச்சில் இருந்ததை அப்படியே படித்தாள். அங்கே நிமிர்ந்து பார்த்தபோது தங்கபுஷ்பத்தின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அந்த முகத்துக்கு அது அழகாகவும் இருந்தது, அவ்வளவுதான், முப்பிடாதியின் நாக்கு தானாகத் திரும்பிக்கொண்டது. ரூபன் கோயில் படியில் நின்றான் என்று படித்தாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான் என்று படித்தாள். “என் தாகத்துக்கு இந்த ஊர்த் தண்ணி பத்தாது கிளாரா” என்று சொன்னான், குதிரைமேல் ஏறினான், எந்தத் திசைக்குப் போகிறேன் என்று சொல்லாமல் போனான், முற்றும் என்று படித்துப் புத்தகத்தை மூடினாள். ஒரு வாக்கியத்தை விழுங்கிப் பழகினவள் அன்றைக்கு ஒரு கல்யாணத்தையே விழுங்கிவிட்டாள்.

பூந்தியை யாரும் தொடவில்லை, எறும்புகள் தின்றன. லூர்தம்மாள் நேராக மாதா கோயிலுக்குப் போய், இத்தனை மெழுகுவர்த்திக்கு இதுதான் பலனா என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பால்தங்கம், எழுதினவன் கை விளங்காமல் போகும் என்று சாபம் கொடுத்துவிட்டு இரண்டு வேளை உலை வைக்கவில்லை, அவள் வீட்டில் எல்லோரும் பழையதைத் தின்றார்கள். கிளாராவின் திமிர்தான் காரணம் என்று ஒரு சுவரோரமும், ரூபனுக்கு ஆரம்பத்திலிருந்தே கால் தரையில் பாவாது என்று எதிர்ச் சுவரோரமும் பிரிந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றினார்கள். சுற்றின பீடியெல்லாம் தளர்ந்து தூள் கொட்டியது, பீடிக் கடைக்காரர் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார். தங்கபுஷ்பம் யாரையும் குறை சொல்லவில்லை, இந்த வெயிலில் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போயிருப்பான் என்று மட்டும் கேட்டாள். முப்பிடாதிக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண்ணயர்ந்திருந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புச் சத்தம் கேட்டது. செம்பு பானையில் முங்குகிற சத்தமும், யாரோ அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கிற சத்தமும், இன்னும் கொஞ்சம் வேணுமா என்று தங்கபுஷ்பம் கேட்கிற சத்தமும் கேட்டன. முப்பிடாதி எழுந்து ஓடி எட்டிப் பார்த்தபோது புழுதி அடங்கிக்கொண்டிருந்தது, வாசலில் லாடக் குளம்பு பதிந்த தடமும், அந்தச் சீமையிலேயே முளைக்காத மஞ்சள் புல் ஒரு கொத்தும் கிடந்தன.

ரூபன் வந்தான், தண்ணி கேட்டான், குடுத்தேன் என்று தங்கபுஷ்பம் மண்டபத்தில் சொன்னபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. பானைத் தண்ணியா குழாய்த் தண்ணியா என்று பால்தங்கம் கேட்டாள். ஒரு வாய் சோறு போட்டிருக்கக் கூடாதா என்று லூர்தம்மாள் கோபித்துக்கொண்டாள். தாகத்தோடு போனவன் தண்ணீர் தேடி வராமல் வேறு என்ன செய்வான் என்று இரண்டு சுவரோரமும் சமாதானமாகி மறுபடியும் கலந்து உட்கார்ந்தது.

பிறகு அவன் எல்லோரிடமும் வந்தான். லூர்தம்மாள் கையால் வாங்கி நிஜமாகவே சோறு தின்றான், அதுவும் கருவாட்டுக் குழம்போடு. கதை கேட்டவர்கள் வாசலிலெல்லாம் பானையும் கவிழ்த்த செம்பும் வந்தன, ஊற வைத்த கொள்ளு வந்தது, மத்தியான நேரத்தில் கோழிகளை அடைத்துப் போடுவது என்று ஆயிற்று, பெண்கள் சாப்பிட்ட கையோடு தலை சீவிப் பூ வைத்துக்கொண்டார்கள். புருஷன்மார் முதலில் உறுமினார்கள், ஒருத்தர் அரிவாளைக்கூடத் தீட்டி வைத்தார், ஆனால் குதிரை வந்துபோன வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாடு ருசியாக இருப்பதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள், கொஞ்ச நாளில் குவாரியில் உட்கார்ந்து எங்கள் வீட்டில்தான் அதிக நேரம் நின்றான் என்று பீற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தார்கள். மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஆசாரி தடத்தைக் குனிந்து பார்த்து, பின்னங்கால் லாடம் ஒன்று ஆடுகிறது என்று சொல்லி, சுத்தியலும் கையுமாகத் தெரு முக்கில் காத்திருந்தார். பஞ்சாயத்தார் வழியிலிருந்த கள்ளியை வெட்டிக் கல் தொட்டி போட்டார்கள், கல்யாண மண்டபத்துக்குக் கதவு போடத்தான் அவர்களுக்கு அப்போதும் தோன்றவில்லை. மத்தியான பஸ் ஊருக்குள் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து போயிற்று.

முப்பிடாதியும் பானை வைத்தாள். எல்லோரையும்விடப் பெரிய பானையாக, புதுப் பானையாக, வெட்டிவேர் போட்டு வைத்தாள். குளம்புச் சத்தம் தெருமுனையில் திரும்பும், தங்கபுஷ்பம் வாசலில் நிற்கும், முப்பிடாதி வாசலை மட்டும் பூட்டிய வீட்டைத் தாண்டுவது போலத் தாண்டிப் போய்விடும், மூக்குக்கு நேரே புழுதி எழும், அவனும் குதிரையும் கண்ணுக்குத் தெரியவே மாட்டார்கள். பானைத் தண்ணீரை அவள் தினமும் முருங்கைக்கு ஊற்றினாள், அது இன்னும் இலையாக விட்டது. உனக்கு மட்டும் ஏன்ட்டி வரல என்று அவள் புருஷன் சுடலைமாடன் சிரித்துக்கொண்டே கேட்டான், அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மண்டபத்தில் பெண்கள் அவள் வருகிறபோது குதிரைப் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். தங்கபுஷ்பம் ஒரு மஞ்சள் புல்லைக் கொண்டுவந்து, வச்சுக்கோங்கக்கா என்று நீட்டினாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஏன் வரவில்லை என்பது முப்பிடாதிக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர்கள் காதில் விழுந்த கதையில் ரூபன் தாகத்தோடு கிளம்பிப் போனவன், எந்த வாசலிலும் நிற்பான். அவள் கண் படித்த கதையில் அவன் சேணத்தை ஆணியில் மாட்டியவன், வேறு வாசல் கிடையாது என்று சொன்னவன், ஒருத்தியின் புருஷன். அவள் வாய் திறந்து எல்லோருக்கும் அனுப்பிவைத்த குதிரை அவளுக்கு மட்டும் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இல்லாதது எவளுக்கும் வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை படிக்கப் போகிறேன், அன்றைக்குப் படித்தது சரியில்லை என்று சொன்னாள். பலகைக் கோயில், மோதிரம், ஆணி, சேணம், புல் எல்லாவற்றையும் படித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் விழுங்காமல் ‘இனி எனக்கு வேறு வாசல் கிடையாது’ என்பதையும் உரக்கப் படித்துவிட்டு, இப்போது அழுங்கள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

யாரும் அழவில்லை. பீடி சுற்றுவதைக்கூட நிறுத்தவில்லை. வாய் நல்லா வருது உனக்கு, ஆனா இது பொருந்தலையே என்று லூர்தம்மாள் சொன்னாள். முப்பிடாதி புத்தகத்தைப் பால்தங்கத்தின் முன்னால் நீட்டி, நீயே பார் என்றாள். பால்தங்கம் விரலை வைத்து எழுத்துக்கூட்டி அந்தப் பக்கம் முழுவதையும் படித்தாள், அதற்கு வெகு நேரம் ஆயிற்று, எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

“அப்படித்தான் போட்டிருக்கு,” என்று பால்தங்கம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “எழுதினவரு குதிரையப் பாத்தாராக்கும்? நாங்க பாத்தோம்லா.”

அன்று மத்தியானமும் குதிரை வந்தது. தங்கபுஷ்பம் வாசலில் நின்றது, முப்பிடாதி வாசலைத் தாண்டியது.

சாயங்காலம் எல்லோரும் பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போன பிறகு, மிச்ச இலையைச் சுற்றி முடிப்பதற்காகத் தங்கபுஷ்பம் மண்டபத்தில் தனியாக இருந்தாள். முப்பிடாதி போய் அவள் எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு கைப்பிடி உப்புக்கூடக் கேட்டதில்லை என்பதை நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை.

“ஏட்டி,” என்றாள். “எனக்கு ஒரு தடவ அந்தக் கதையப் படிச்சுக் காட்டு. அன்னைக்கு நான் மொதல்ல படிச்சேன்லா, அத.”

“எனக்கு எழுத்துத் தெரியாதேக்கா.”

“தெரிய வேண்டாம். நான் கேட்டுக்கிடுதேன்.”

தங்கபுஷ்பம் கையிலிருந்த பீடியைக் கட்டி முடித்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. மடியிலிருந்த சுளகைத் தூக்கி முப்பிடாதி மடியில் வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி இரண்டு கையாலும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். படிக்கிறவளுக்காக மற்றவள் சுற்ற வேண்டும், அதனால் முப்பிடாதி இலையை எடுத்தாள். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, இலை கிழிந்தது, தூள் சிந்தியது, எதிரே தங்கபுஷ்பம் ரூபனைக் கோயில் படியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன ரூபன் புத்தகத்திலும் இல்லாதவன், முப்பிடாதி சொன்னதிலும் இல்லாதவன். அவனுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது, பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிற பழக்கம் இருந்தது. தாகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு அவன் குதிரைமேல் ஏறினபோது முப்பிடாதிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று பீடியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் மற்றவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஏறினவன் திரும்பிப் பார்த்தான் என்றாள் தங்கபுஷ்பம். அந்த இடத்தில் நிறுத்தினாள். அவள் உதடு லேசாக அசைந்தது, முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று, தொண்டையில் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. தாளைப் புரட்டினாள். பிறகு எந்தத் திசைக்கு என்று சொல்லாமல் போனான், முற்றும் என்று முடித்தாள்.

முப்பிடாதிக்கு அந்தத் தொண்டையைத் தெரியும். அது அவளுடைய தொண்டை. அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான்க்கா என்றாள் தங்கபுஷ்பம், சுளகை வாங்கிக்கொண்டு, கிழிந்த இலைகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மத்தியானம் குதிரை முதலில் முப்பிடாதி வாசலுக்கு வந்தது. வேர்வையும் தோலும் காய்ந்த புல்லும் கலந்த வாசனை வீட்டுக்குள் வந்தது, அவள் வெளியே வந்தாள், அவன் இறங்கி நின்றான். வயதானவனாக இருந்தான், அவள் நினைத்திருந்ததைவிட மெலிந்திருந்தான், இமையெல்லாம் புழுதி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் கேட்டான். அவள் புதுப் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள், அவன் தொப்பியைக் கழற்றி அண்ணாந்து குடித்தான். இத்தனை நாள் இதற்காகத்தான் அவள் கோழியை அடைத்தாள், தலை சீவினாள், வெட்டிவேர்த் தண்ணீர் வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவன் இரண்டாவது செம்பைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

“திரும்பிப் பாத்து அவகிட்ட என்ன சொன்னீரு?” என்று கேட்டாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். செம்பை அவள் கையில் கொடுத்தான், தொப்பியை வைத்தான், குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு நடந்தான். அங்கே செம்பு பானையில் முங்கியது. அவன் வாய் பட்ட ஈரம் காயாத செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பிடாதி உள்ளே ஓடிப் போய்ச் சுவரில் காதை வைத்தாள்.